துப்புகிற மாப்பிள்ளை

"கோயில்லை வைச்சுப் பாத்தால் எல்லாப் பெடியளும் திருநீறு பூசிக்கொண்டு நல்ல பிள்ளையாத்தான் நிப்பாங்கள், கொறற்றி. எனக்கு அவனைக் கையிலை கிளாசோடை பாக்க வேணும்."

பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த தங்கள் மரக்கறிக் கடையின் பின்பக்கம், வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டுதான் கோசலை இதைச் சொன்னாள். சொல்லுவதற்கு முன் கடைவாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். வாசலில் அவளுடைய மனிசன் தவரத்தினம் யாருக்கோ முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் சிரிப்பார். சிரித்தால் கோசலைக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் திட்டம் குழம்பும்.

அரிசி மூட்டையில் ஏறி உட்கார்ந்திருந்த மரியகொறற்றி கச்சான் கடலைக் கோதை ஊதித் தள்ளினாள். கலியாணம் பேசிக் கொடுப்பது அவளுக்குத் தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் அவளுக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை. லா ஷப்பல் தமிழருக்குள் இந்துக்காரர், வேதக்காரர் என்று பாராமல் இரண்டு பக்கத்துக்கும் அவள்தான் தூது.

"கிளாசோடை எண்டால்? பாருக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறியளோ?"

"பாருக்கெண்டால் உசாராயிடுவான். வேறை வழி சொல்லு."

"பத்துப் பேரிட்டை விசாரிச்சுப்போட்டியள். என்னவாம்?"

"பத்துப் பேரும் தங்கமான பெடியன் எண்டுதான் சொல்லினம்."

"பேந்தென்ன, சந்தோசம்தானே?"

"என்ன சந்தோசம்? அருள்மலரின்ரை மாப்பிள்ளையையும் தங்கம் எண்டுதான் சொன்னவை."

அருள்மலர் கோசலையின் தங்கை. ஜெர்மனியில் கலியாணம் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணிக்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்ட அந்தத் தங்கம், அலுமாரிக்குள் மனிசியின் கூறைச் சேலைக்குப் பின்னால் போத்தில் ஒளித்து வைத்திருந்தது தாலி ஏறின பிறகுதான் தெரிந்தது. இப்போது அருள்மலர் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள். விசாரித்துச் சொன்ன ஆட்களில் ஒருவர்கூடப் பிறகு போன் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து கோசலை பிறர் வாயை நம்புவதில்லை. தன் கண்ணை மட்டும் நம்புவாள். அதையும் கண்ணாடி போட்ட பிறகுதான்.

மகள் அஜந்தாவுக்கு இப்போது பேசி வந்திருப்பது உதயன் என்ற பெடியனை. அவன் படித்தது கினே, பிசியோதெரபி. முதுகு பிடித்தவர்களுக்கும் முழங்கால் பிடித்தவர்களுக்கும் உடம்பு பிடித்துச் சரிக்கட்டுகிற படிப்பு. தகப்பன் இல்லை. தாய் தில்லைநாயகி லா கூர்நேவில் இருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் போனில் கதைத்து, ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் கோப்பி குடித்து, ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு முன் கோசலை ஒரு சொல்லுச் சொல்ல வேண்டும். பெடியனுக்கு முந்தி இரண்டு இடம் பேசி, இரண்டும் கடைசி நேரத்தில் குழம்பியது என்றும் ஒரு கதை காதில் விழுந்திருந்தது. ஏன் குழம்பியது என்று கேட்டால் ஆட்கள் வேறு கதை கதைத்தார்கள்.

"நான் ஒண்டு சொல்லிப்போட்டன், கொறற்றி. என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒரு மிடறு விழுங்கினான் எண்டாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"அப்ப எங்கடை மதாம் ஜெனவியேவிட்டைப் போவம்," என்றாள் மரியகொறற்றி.

மரியகொறற்றி முந்திப் பிள்ளை பார்க்கிற வேலைக்கு நின்ற வீட்டுக்காரி ஜெனவியேவ். இப்போது பாரிஸ் வீட்டை விற்றுவிட்டு, ஷாப்ளி பக்கம் தகப்பன் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தில் வைன் செய்கிறாள். வருகிற ஆட்களுக்கு ருசி பார்க்கக் கொடுப்பாள். தோட்டம் பார்க்கலாம், சாப்பிடலாம், பகல் முழுக்க நிற்கலாம்.

"அங்கை கிளாசைப் பிடிக்காமல் ஒருத்தரும் நிக்கேலாது, அக்கா. பெடியன் எப்பிடிப் பிடிக்கிறான் எண்டு நீங்கள் வடிவாப் பாக்கலாம்."

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் கேட்ட உடனே, ஏற்கெனவே அவித்து வைத்திருந்ததைத் தட்டில் போட்டதுபோல இவள் எப்படி எடுத்துத் தந்தாள் என்று கோசலைக்கு ஒரு கணம் மனதில் இடறியது. அந்த நேரம் தவரத்தினம், "கோசலை, கறிவேப்பிலை எங்கை?" என்று கூப்பிட்டதால் அந்த எண்ணம் கறிவேப்பிலையோடு போய்விட்டது.

*

கோயில் தேர்த்திருவிழா முடிந்து, ரூ பஜோல் தெருவில் தேங்காய் உடைத்த இடமெல்லாம் கழுவித் துடைத்த பிறகு வந்த ஒரு ஞாயிறு. போர்த் து லா ஷப்பலில் காலையிலேயே உதயன் வாடகைக்கு எடுத்த பெரிய வாகனத்தோடு வந்து நின்றான். முன்சீட்டில் தாய் தில்லைநாயகி, மடியில் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு, நகைப் பெட்டிக்குக் காவல் இருக்கிற ஆளைப்போல நிமிர்ந்து இருந்தாள்.

கோசலை இடம் தெரிந்தெடுத்து உதயனுக்கு நேர் பின்னால் ஏறினாள். அங்கிருந்தால் வாகனக் கண்ணாடியில் அவன் கண் தெரியும். காற்று அடித்தால் மணமும் வரும்.

"மணக்குதோ?" என்று காதுக்குள் கேட்டார் தவரத்தினம்.

"சவர்க்காரம்தான் மணக்குது."

"அப்ப குளிச்சிருக்கிறான். அதையும் ஒரு குற்றமா எழுதும்."

"நீங்கள் சும்மா இருங்கோ."

வாகனம் பெரிய ரோட்டில் ஏறியது. பின்னால் அஜந்தாவும் மரியகொறற்றியும் மரக்கறி ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். உதயன் போனைப் பாராமல், யாரையும் கேளாமல், ஒரு வளைவில் திரும்பினான்.

"தம்பி, வழி தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம் அன்ரி. முந்தி ரெண்டு தரம் இந்தப் பக்கம் வந்தனான்."

"என்னத்துக்கு?"

"சிநேகிதப் பெடியளோடை. சும்மா."

சும்மா! கோசலை திரும்பி மகளைப் பார்த்தாள். அஜந்தா ரோல்ஸ் கடித்தபடி தோளைக் குலுக்கினாள். இரண்டு தரம், சிநேகிதரோடு, வைன் தோட்டத்துப் பக்கம், சும்மா. இந்த நாலு சொல்லையும் கோசலை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

முன்சீட்டில் தில்லைநாயகி மெல்லத் தலையைத் திருப்பினாள். "பிள்ளை அஜந்தா, நீரும் முந்தி இஞ்சாலை வந்தனீரோ?"

"இல்லை அன்ரி. இதுதான் முதல் தரம்."

"அப்பிடியோ," என்றாள் தில்லைநாயகி. அந்த 'அப்பிடியோ'வில் ஒரு இழுவை இருந்தது. கோசலை அதைக் கேட்டாள். ஆனால் அப்போது அவள் கவனமெல்லாம் கண்ணாடியில் தெரிந்த பெடியனின் கண்ணில் இருந்தது.

*

ஜெனவியேவ் ரப்பர் சப்பாத்தோடு வாசலில் நின்றாள். வந்த எல்லாருக்கும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினாள். தில்லைநாயகி பிளாஸ்கைக் குறுக்கே பிடித்துத் தப்பினாள். தவரத்தினம் தப்ப முயலவில்லை.

தோட்டம் சரிவில் இறங்கிப் போனது. கொடிகள் வரிசை வரிசையாக, காய் முற்றி, இலை மஞ்சள் காட்டி நின்றன. மண்ணென்று சொல்ல ஏலாது, வெள்ளைக் கல். ஜெனவியேவ் ஒரு கல்லை எடுத்துக் காட்டினாள். அதற்குள் சிப்பி ஓடு பதிந்திருந்தது.

"ஒரு காலம் இஞ்சை கடலாம்," என்று தவரத்தினம் வியந்து, கல்லைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

"உதென்னத்துக்கு?"

"கடையிலை தராசுக்குப் பக்கத்திலை வைக்கலாம்."

பிறகு கீழே, நிலவறைக்குப் போனார்கள். கல் சுவர், குளிர், மரப் பீப்பாய்கள். நீட்டு மேசையில் கால் வைத்த கிளாசுகள். ஒரு தட்டில் சீஸ் போட்டுப் பொங்கவைத்த சின்னச் சின்னப் பணிஸ் ரொட்டிகள். மேசையின் ஒரு முனையில் பளபளவென்று ஒரு வாளி. ஐஸ் போடுவதற்காக்கும் என்று கோசலை நினைத்தாள்.

"எனக்கு ஒறேஞ் யூஸ்," என்றாள் தில்லைநாயகி முதலிலேயே.

"எனக்கும்," என்றாள் கோசலை. யூஸைக் கையில் வாங்கிக்கொண்டு, பெடியனுக்கு எதிர்ப்பக்கம் இடம் பிடித்தாள்.

ஜெனவியேவ் முதல் போத்திலை ஊற்றினாள். வெள்ளை வைன். கிளாசில் கொஞ்சம் பச்சை அடித்தது. உதயன் கிளாசின் காலைப் பிடித்து, மெல்லச் சுழற்றி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தான். வாயில் விட்டான். வாய்க்குள் உருட்டினான். இப்ப விழுங்கப் போறான், இப்ப விழுங்கப் போறான் என்று அவள் கண்ணாடியைச் சரிசெய்தபோது, அவன் வாளிப் பக்கம் குனிந்து, நூல் பிடித்ததுபோலத் துப்பினான்.

"சீ!" என்று ஒரு சத்தம் வந்தது. தான்தான் சொன்னேனோ என்று கோசலை பார்த்தாள். சொன்னது தில்லைநாயகி.

அதற்குள் ஜெனவியேவும் அதே வாளியில் துப்பினாள். எச்சில் வாளி! சாப்பாட்டு மேசையில்! அந்த ஒரு கணம் இரண்டு தாய்மாரும் ஒரே முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோசலை மனிசனின் கையை இடித்தாள். "இஞ்சேருங்கோ, பாத்தனீங்களோ?"

"பாத்தன். வாளிக்கு வெளியிலை ஒரு துளி விழேல்லை."

"அதைத்தானே சொல்லுறன். உங்களுக்கும் எனக்கும் உப்பிடித் துப்ப வருமோ? பழகின வாய்."

"விழுங்கினால் வேண்டாம் எண்டு சொன்னனீர். துப்பினாலும் வேண்டாம் எண்டால் பெடியன் என்னப்பா செய்யிறது?"

கோசலையால் விடமுடியவில்லை. மேசையைச் சுற்றி அவன் பக்கம் போனாள்.

"ஏன் தம்பி, நல்லாயில்லையோ?"

"ஐயோ இல்லை அன்ரி, அருமையா இருக்கு!"

"அப்ப ஏன் துப்புறியள்?"

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெனவியேவ் இரண்டாவது போத்திலின் மூடியை 'பொக்' என்று இழுத்து, அவனை நடுவே கூப்பிட்டுவிட்டாள். தவரத்தினம் தன் கிளாசை ஒரு மிடறு குடித்து, "புளிமாங்காய்த் தண்ணி," என்று சொல்லி முகத்தைச் சுளித்தார். ஆனால் கிளாசைக் கீழே வைக்கவில்லை.

கோசலைக்கோ மனம் ஓடத் தொடங்கிவிட்டது. நல்லாயிருக்காம். அருமையாம். ஆனால் துப்புகிறானாம். சமையல் வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் எங்களின் ஆட்கள் சபையில் துப்பமாட்டார்கள். தண்ணீர் குடித்து விழுங்கிவிடுவார்கள். இவன் நல்லாயிருக்கிறதையே துப்புகிறான். மணந்து பார்க்கிறான், ருசி பார்க்கிறான், துப்பிவிட்டு அடுத்ததுக்குக் கிளாசை நீட்டுகிறான். முந்திப் பேசின அந்த இரண்டு பெட்டைகளும் இப்படித்தானோ? மூன்றாவதாக அஜந்தாவோ? குடிகாரன் என்றாலாவது ஒரு பெயர் இருக்கிறது. இதற்கு என்ன பெயர்?

இப்படி யோசித்துக்கொண்டே அவள் மகளைத் தேடினாள். அங்கேதான் அடுத்த இடி.

அஜந்தாவின் கிளாஸ் காலியாக இருந்தது.

வாளிக்குள் ஊற்றியிருப்பாள் என்று முதலில் நினைத்தாள். வாளி மேசையின் அந்த முனையில், மகள் இந்த முனையில். ஜெனவியேவ் இரண்டாவதை ஊற்றினாள். அஜந்தா கிளாசைச் சுழற்றவில்லை, மூக்கில் வைக்கவில்லை. நிதானமாகக் குடித்தாள். அவளுடைய தொண்டைக்குழி இறங்கி ஏறியதைக் கோசலை தன் கண்ணால், கண்ணாடி போட்ட கண்ணால், பார்த்தாள். பிறகு பிள்ளை கண்ணை மூடித் திறந்து, ஜெனவியேவிடம் பிரெஞ்சில், முதலாவதைவிட இதுதான் நல்லது, அது கொஞ்சம் கூர்மை என்றாள். முதல் தரம் குடிக்கிறவளுக்கு எது கூர்மை எது மொட்டை என்று எப்படித் தெரியும்?

என் வயிற்றிலா இப்படி ஒன்று பிறந்தது என்று கேட்கவும் கோசலைக்கு நேரம் கிடைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம், யூஸில் ஒரு மிடறுகூடக் குடியாமல், தில்லைநாயகி நின்றாள். அவளுடைய கண்ணும் அஜந்தாவின் தொண்டையில்தான் இருந்தது. அந்தப் பார்வையைக் கோசலைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காலையிலிருந்து அவள் தானே அந்தப் பார்வையைப் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

மரியகொறற்றியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பீப்பாய்களுக்குப் பின்னால் போனாள்.

"உண்மையைச் சொல்லு, கொறற்றி. இஞ்சை வாறதுக்கு முதல்லை கேட்டது ஆர்?"

"நீங்கள்தானே அக்கா…"

"மாதாவாணை சொல்லு."

மாதாவை இழுத்ததும் மரியகொறற்றி அசைந்துவிட்டாள். "தில்லைநாயகி அக்கா உங்களுக்கு ஒரு கிழமை முந்திக் கேட்டவ. பெட்டை குடிக்குமோ எண்டு கையிலை கிளாசைக் குடுத்துப் பாக்க வேணுமாம். அதுக்கு நான் மதாமோடை கதைச்சு வைச்சிருந்தனான். பேந்து நீங்களும் வந்து அதையே கேட்டனீங்கள். ரெண்டு தரம் வந்து போக பெற்றோல் ஆர் குடுக்கிறது?"

"அடி பாவி! அப்ப முந்தின ரெண்டு சம்பந்தமும்?"

"பெடியன் குழப்பேல்லை, அக்கா. தாய்தான். ஒருத்தி ஆற்றையோ பிறந்தநாளிலை ஷம்பான் கிளாசோடை நிண்ட படத்தைக் கண்டவ. மற்றதும் அப்பிடித்தான் ஏதோ."

அப்போ துப்புகிறது அவன் இல்லை. துப்புகிறது அவள். அடுத்து அவள் துப்பப் போவது என் பிள்ளையை!

காலையில் பெடியனை வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடி ஏறின அதே கோசலை, இப்போது அவனைக் கைவிட மனமில்லாமல் நின்றாள். வேண்டாம் என்று நாங்கள் சொல்லலாம். அவர்கள் சொல்லுவதா? பெட்டை குடிக்குமாம் என்று நாளைக்கே லா ஷப்பல் முழுக்கக் கதை வந்துவிடும். அதோடு, மேசையடியில் அஜந்தா என்னவோ சொல்ல, உதயன் வாயைப் பொத்திச் சிரித்ததையும் அவள் பார்த்தாள். பிள்ளை ஒருவரை அப்படிச் சிரிக்கவைத்து அவள் கண்டதில்லை.

மூன்றாவது ஊற்றியாகிவிட்டது. கோசலை நேரே போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். தன் ஒறேஞ் யூஸை மகளுக்கு முன்னால் தள்ளினாள். மகளின் கிளாசை எடுத்தாள். தில்லைநாயகி பார்க்கப் பார்க்க, மருந்து குடிக்கிறமாதிரி, ஆனால் மூக்கைப் பிடிக்காமல், ஒரே இழுவையில் விழுங்கினாள்.

"அம்மா!" என்றாள் அஜந்தா.

"என்ரை கிளாசை நீ ஏன் வைச்சிருக்கிறாய்?" என்று சத்தமாகக் கேட்டாள் கோசலை. "உந்த யூஸைக் குடி."

புளிப்பு நெற்றிவரை ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஜெனவியேவ் இந்த மதாமுக்குப் பிடித்துப்போயிற்று என்று மகிழ்ந்து இன்னும் ஊற்றினாள். அதையும் கோசலை விழுங்கினாள். தவரத்தினம் வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் சிரிக்க மறந்தது அன்றுதான்.

தில்லைநாயகி கிட்ட வந்தாள். "அக்காவுக்கு இது பழக்கமோ?"

கோசலைக்கு வழி இல்லை. "ஓம்," என்றாள்.

"எத்தினை காலமா?"

"கனகாலம்."

"வீட்டிலையும் குடிக்கிறனீங்களோ?"

"இடைக்கிடை… மரக்கறி வெட்டேக்கை."

சொன்ன பிறகுதான் புரிந்தது. பெட்டை குடிக்கும் என்பதைவிட, தாய் குடிகாரி என்பது எந்த வகையில் நல்லது? தில்லைநாயகியின் முகம் கல்லாகிக்கொண்டு போனது. பிளாஸ்கை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். போகப்போகிற ஆள் செய்கிற வேலை அது.

"அன்ரி," என்றாள் அஜந்தா. யூஸ் கிளாசைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அம்மா பொய் சொல்லுறா. அவவுக்கு கோப்பி குடிச்சாலே நித்திரை வராது. அது என்ரை கிளாஸ். நான்தான் குடிச்சனான். நான் வேலை செய்யிற லபோவிலை ஆருக்கும் பிறந்தநாள் எண்டால் குடிப்பன். வெள்ளிக்கிழமையிலை சிநேகிதியளோடையும் குடிப்பன். ஒண்டு, மிஞ்சினால் ரெண்டு. அவ்வளவுதான்."

தில்லைநாயகி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மகனிடம் திரும்பினாள்.

"நீ ஏன் துப்பினனி?"

"நான்தானே அம்மா வாகனம் ஓட்ட வேணும்! பொலிஸ் மறிச்சால் ஓட்டுற பெர்மியைப் பறிச்சுப்போடுவாங்கள். உங்கள் எல்லாரையும் ஆர் வீட்டை கொண்டுபோறது?"

கோசலை நெற்றியில் கையை வைத்தாள். வாகனம்! காலையிலிருந்து அவனுடைய பிடரிக்குப் பின்னால் இருந்து வந்தவள் அவள். அந்தக் கைகளில் ஸ்டியரிங் இருந்தது ஏன் ஞாபகம் வரவில்லை?

"ஓட்டாட்டில்?" என்றாள் தில்லைநாயகி.

அவன் தாயைப் பார்த்தான். கோசலையைப் பார்த்தான். பொய் சொல்லுவதற்கு இதைவிட நல்ல நேரம் ஒருவனுக்குக் கிடைக்காது.

"ஓட்டாட்டில் குடிப்பன், அம்மா," என்றான்.

ஒரு சொல்லும் விளங்காத ஜெனவியேவ், வைன் சரியில்லையோ என்று பயந்து கேட்டாள். தவரத்தினம் பிரெஞ்சில், "வைனுக்கு ஒரு குறையும் இல்லை, மதாம். எங்கடை ஆக்கள்தான் கொஞ்சம் புளிச்சுப்போய் நிக்கினம்," என்றார்.

*

தில்லைநாயகி படியேறி வெளியே போய்விட்டாள். கொஞ்சம் பொறுத்துக் கோசலையும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். தோட்டத்து ஓரம் ஒரு கல்லில் தில்லைநாயகி இருந்தாள். கோசலைக்கு நிலம் ஒரு பக்கம் சரிந்தது. அது தோட்டத்துச் சரிவோ தன் தலையோ என்று தெரியாமல் அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"உதயன்ரை அப்பா என்னத்தாலை செத்தவர் எண்டு உங்களுக்குச் சொன்னவை?" என்று கேட்டாள் தில்லைநாயகி, முகத்தைத் திருப்பாமல்.

"ஹார்ட் எண்டு."

"ஹார்ட்தான். ஹார்ட்டுக்கு அது எங்கையிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்."

கோசலைக்கு வெறி பாதி இறங்கிவிட்டது. பத்துப் பேர்! பத்துப் பேரும் தங்கம் என்றார்களே, ஒருவன் வாயிலாவது இது வந்ததா? "அப்ப மகன்?" என்றாள் நேரே. "தேப்பன்ரை வழியிலை போகமாட்டார் எண்டு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் எண்டு நான் சொன்னால் நீங்கள் நம்புவியளோ?"

"மாட்டன்."

"பேந்தேன் கேக்கிறியள்?" தில்லைநாயகி ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினாள். "இண்டைக்கு அவன் என்ரை முகத்துக்கு நேரை குடிப்பன் எண்டு சொன்னான். தேப்பன் சாகுமட்டும் சொல்லேல்லை. கோப்பையிலை தேத்தண்ணி எண்டு காட்டிக்கொண்டே குடிச்சவர். உங்கடை பிள்ளையும் முகத்துக்கு நேரைதான் சொன்னவ. நீங்கள்தான் ஒளிச்சனீங்கள்."

"அது பிள்ளைக்காக…"

"தெரியும். மரக்கறி வெட்டேக்கை குடிக்கிறாவாம்!" தில்லைநாயகியின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாளோ என்று கோசலை சந்தேகப்பட்டாள். பிறகுதான் சிரிப்பென்று விளங்கியது.

*

பொழுது சாய முதல் புறப்பட்டார்கள். தில்லைநாயகி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்கள் முன்னுக்கு இருங்கோ. பின்னுக்கு இருந்தால் உங்களுக்குத் தலை சுத்திச் சத்தி வரும்."

"உங்கடை இடமெல்லே?"

"பரவாயில்லை. நான் பிள்ளையோடை பின்னுக்கு இருக்கிறன்."

கோசலை ஏறி இருந்தாள். உதயன் சாவியைப் போட்டான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஊதுங்கோ தம்பி."

"என்ன அன்ரி?"

"என்ரை மூக்குக்கு நேரை ஒருக்கா ஊதுங்கோ. துப்பினாலும் வாயிலை மிச்சம் இருக்கும்."

அவன் ஊதினான். மரக்கறி ரோல்ஸும் உறைப்பும் மணந்தது. அவள் கண்ணை மூடி இன்னும் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை.

"இன்னொண்டு கேக்கிறன். யோசியாமல் சொல்ல வேணும். கலியாணம் கட்டினாப் பிறகு வீட்டிலை போத்திலை எங்கை வைப்பியள்?"

"போத்திலோ? குசினியிலை, சாப்பாட்டு மேசையிலை, அன்ரி. வேறை எங்கை வைக்கிறது?"

கோசலை அவன் முகத்தை வலமும் இடமும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி பார்த்தாள்.

"தீபாவளிக்கு முன்னம் நாள் பாப்பம், அக்கா," என்றாள் திரும்பாமலே.

"முதல்லை இவன் எங்களை வீட்டை கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்," என்றாள் பின்னால் தில்லைநாயகி.

அஜந்தா மரியகொறற்றியைக் கிள்ள, மரியகொறற்றி மாதாவைக் கூப்பிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் 'டிங்' என்று கண்ணாடியில் கண்ணாடி முட்டுகிற வேறொரு சத்தமும் கேட்டது. கோசலையின் காது அதை விடவில்லை. திரும்பினாள். தவரத்தினம் சீட்டுக்குக் கீழே ஒரு கடதாசிப் பையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"உதென்ன?"

"கல்லு," என்றார் அவர். "சிப்பிக் கல்லு."

"கல்லு உப்பிடிச் சத்தம் போடுமோ? எடுங்கோ வெளியிலை. மடியிலை வைச்சுக்கொண்டு வாங்கோ, எல்லாரும் பாக்க."

தவரத்தினம் இரண்டு போத்திலையும் எடுத்து, பிள்ளைகளைப்போல மடியில் நிமிர்த்தி வைத்தார்.

"சரி, வாகனத்தை எடுங்கோ தம்பி," என்றாள் கோசலை. "மெதுவா. நான் வேகத்தைப் பாத்துக்கொண்டுதான் இருப்பன்."